மரி-கலாந்த்: குளிர்காலத்தில் ஓய்வெடுக்க ஒரு சின்ன கரீபியன் தீவு – முழுமையான வழிகாட்டி

பாரிஸிலோ மொண்ட்ரியாலிலோ இருப்பவர்களுக்கு ஜனவரி மாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நாலு மணிக்கே இருட்டு, வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டர், எப்போது பார்த்தாலும் யாராவது ஒருவருக்கு இருமல். அப்போதுதான் கரீபியன் ஞாபகம் வரும். வந்ததும் தேடினால் கண்ணில் படுவதெல்லாம் சொகுசுக் கப்பலும் கையில் பட்டை கட்டிவிடும் பெரிய ரிசார்ட்டும். ஓய்வுக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வருவார்கள்.

இந்த வழிகாட்டி மரி-கலாந்த் என்ற தீவுக்கு. பிரான்ஸின் கடல்கடந்த மாகாணமான குவாதலூப்பைச் சேர்ந்தது. பரப்பு 158 சதுர கிலோமீட்டர், மக்கள் பத்தாயிரம் சொச்சம், ஊர்கள் மூன்றே மூன்று: தெற்கே கிரான்-பூர், மேற்கே சான்-லூயி, கிழக்கே காபெஸ்தேர். கிட்டத்தட்ட வட்டமான சுண்ணாம்புக்கல் தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் அரை மணி நேரம். கொலம்பஸ் 1493 நவம்பரில், தன் இரண்டாவது பயணத்தில், இங்கே கரையிறங்கித் தன் கப்பலின் பெயரையே தீவுக்கு வைத்துவிட்டுப் போனார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து கரும்பு. இன்றும் கரும்பு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புகிறார்கள். ஒரு கடற்கரை, ஒரு ரம் ஆலை, ஒரு சாப்பாடு, கிளம்பு. அப்படிப் போவதென்றால் போகாமலே இருக்கலாம். கடைசிப் படகு போன பிறகுதான் இந்தத் தீவு தன் வேகத்துக்குத் திரும்புகிறது. குறைந்தது நாலு இரவு தங்கினால்தான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

மழையும் புயலும் ஜூன் முதல் நவம்பர் வரை. டிசம்பரில் வானம் தெளியத் தொடங்கி, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். பகலில் 28, 29 டிகிரி, இரவில் 21 வாக்கில், கடல் தண்ணீர் 26க்கு மேல். கிழக்கிலிருந்து விடாமல் காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. உறைக்காததால்தான் முதல் நாளே தோல் வெந்துபோகிறது, அதையும் மறந்துவிடாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தைத் தவிருங்கள். பிரான்ஸில் வேலை செய்யும் குவாதலூப்காரர்கள் எல்லோரும் ஊருக்கு வரும் சமயம் அது. டிக்கெட் விலை எங்கோ போய்விடும், வாடகைக் கார் கிடைக்காது. பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு பிரெஞ்சுப் பள்ளி விடுமுறைக் கூட்டம். இரண்டுக்கும் நடுவே, ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, ஒரு அருமையான இடைவெளி இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான்.

டிசம்பர் முதல் பாதிக்கும் ஒரு தனி ருசி உண்டு. அவ்வப்போது ஒரு தூறல் தூறும், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஆனால் தீவு பச்சைப் பசேலென்று இருக்கும். வாரக்கடைசி இரவுகளில் ‘ஷான்தே நுவெல்’ என்று தெருவிலும் முற்றத்திலும் கூடி, மத்தளத்தோடு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார்கள். பாட்டுப் புத்தகத்தை உங்கள் கையிலும் திணிப்பார்கள். பன்றித் தொடை இறைச்சியும் பச்சைத் துவரையும் வள்ளிவகைக் கிழங்கும்தான் பண்டிகைச் சாப்பாடு. ஆரஞ்சுத் தோலை ரம்மில் ஊறவைத்த ‘ஷ்ரப்’ இந்த மாதத்துப் பானம்.

2. விசா

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் அடையாள அட்டையோடு போகலாம். பிரான்ஸ் வழங்கிய வசிப்பிட அட்டை இருந்தால் பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் இங்கே நிதானமாகப் படியுங்கள். குவாதலூப் பிரான்ஸ்தான், ஐரோப்பிய ஒன்றியம்தான், செலவாவதும் யூரோதான். ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி இங்கே இறங்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் குவாதலூப் என்று குறிப்பிட்டு, பிரான்ஸின் கடல்கடந்த மாகாணங்களுக்குச் செல்லும் விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். வழியில் பாரிஸில் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டி வந்தால் ஷெங்கன் விசாவும் சேர்த்து வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் அமெரிக்க விசா இல்லாமல் விமானம் மாறவே முடியாது.

3. விமானமும் முதல் இரவும்

பாரிஸிலிருந்து குவாதலூப்பின் முக்கிய நகரமான புவாந்த்-ஆ-பித்ருக்கு நேரடி விமானம் எட்டரை மணி நேரம். ஏர் பிரான்ஸ், ஏர் கராயிப், கோர்சேர் மூன்றும் பறக்கின்றன. பாரிஸில் எந்த விமான நிலையம், ஒர்லியா, சார்ல் த கோலா என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மொண்ட்ரியாலிலிருந்து ஐந்து மணி நேரம்தான். டொரொண்டோக்காரர்கள் அந்த வழியாக வருவது நல்லது. குளிர்காலத்தில் பாரிஸைவிட ஐந்து மணி நேரம் பின்னால், டொரொண்டோவைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் வந்து இறங்கும். பெட்டி வந்து சேர்ந்து, டாக்ஸி பிடித்து, படகுத்துறைக்கு ஓடினால் கடைசிப் படகு கிடைத்தாலும் கிடைக்கும். இந்த ஓட்டம் வேண்டாம். முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் லெ கோசியேயில் தங்கிவிட்டு, மறுநாள் காலைப் படகில் நிதானமாகக் கிளம்புங்கள். விமானம் தாமதமானாலும் தலை போகாது.

கையில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் காபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர். அங்கே ஷான்ஜி என்னுமிடத்தில், நெடுஞ்சாலையோரம், வண்ணக் கோபுரத்தோடு மாரியம்மன் கோயில் நிற்கிறது. 1854 கடைசியில் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து முதல் கூலிக்கப்பல் குவாதலூப்புக்கு வந்தது. அடிமை முறை 1848இல் ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அதுதான் காரணம். அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இவர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று வழக்காடியவர் அதே ஊர்க்காரரான ஆன்ரி சிதம்பரம். 1923இல் அது கிடைத்தது. கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தேங்காய் உடைக்கும் கை நம்முடையதுதான்.

ஒரு எச்சரிக்கை: இந்த காபெஸ்தேர் வேறு, மரி-கலாந்தில் உள்ள காபெஸ்தேர் வேறு. அறை பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டினால், உங்களுக்கும் நீங்கள் போகவேண்டிய தீவுக்கும் நடுவே கடல் இருக்கும்.

4. படகு

புவாந்த்-ஆ-பித்ரில் பெர்ஜெவான் படகுத்துறையிலிருந்து கிளம்பும். காலை, மதியம், மாலை என்று நாளுக்குச் சில நடை. கிரான்-பூருக்கு ஒரு மணி நேரம். சில நடைகள் சான்-லூயிக்குப் போகும், தங்குமிடம் அந்தப் பக்கமென்றால் அதையே எடுங்கள். டிக்கெட்டை இணையத்திலேயே வாங்கிவிடலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் உள்ளூர்க் கூட்டம் நெரியும்.

அந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று உச்சத்தில் இருக்கும். போகும்போது காற்றை எதிர்த்துப் போவதால் படகு தூக்கித் தூக்கிப் போடும். முதல் கால்மணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள், அப்புறம் பணியாளர் காகிதப் பைகளோடு வரிசை வரிசையாக வருவார். குமட்டல் உள்ளவர்கள் ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, கீழ்த்தளத்தில், பின்பக்கம், நடுவாக உட்காருங்கள். மேல்தளத்தில் காட்சி நன்றாகத்தான் இருக்கும், துணி மாற்றவும் தயாராக இருக்க வேண்டும். திரும்பும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், பாதித் தொல்லைகூட இருக்காது.

5. எந்தப் பக்கம் தங்குவது

விடுமுறை எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

காபெஸ்தேர் பக்கம் அட்லாண்டிக்கைப் பார்த்தது. லா ஃபெயேர், பெத்தித் ஆன்ஸ் என்ற இரண்டு கடற்கரைகளும் அங்கேதான். வெள்ளை மணல், தென்னை, பவளப்பாறைக்கு உள்ளே இளம்பச்சைத் தண்ணீர். படத்தில் பார்த்து மயங்குவது இவற்றைத்தான். ஆனால் காற்று எப்போதும் முகத்திலடிக்கும், காற்றாடிப் பலகையில் சறுக்குகிறவர்களுக்குச் சொர்க்கம். கூடவே சர்காசும் என்ற பழுப்புக் கடற்பாசி. சில ஆண்டுகளாக அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து இந்தக் கரையில் ஒதுங்குகிறது. அழுகினால் முட்டை கெட்ட நாற்றம். அந்த வாயு நல்லதுமல்ல, ஏ.சி., ஃபிரிட்ஜ் பாகங்களையே அரித்துவிடுகிறது. வேகம் பிடிப்பது மார்ச்சுக்குப் பிறகு. குளிர்கால நடுவில் பெரும்பாலும் தப்பிக்கலாம், உத்தரவாதம் இல்லை.

சான்-லூயியிலிருந்து வடக்கே வியூ-ஃபோர் வரையிலான மேற்குக் கரை காற்றுக்கு மறைவு. கடல் குளம்போல் கிடக்கும், பாசி எட்டிப்பார்ப்பது அபூர்வம், சூரியன் கடலுக்குள் மறைவதை வாசலில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஓய்வுக்குத்தான் வருகிறீர்கள் என்றால் இந்தப் பக்கம்தான். குழந்தைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கிரான்-பூரில் கடையும் சந்தையும் மருத்துவமனையும் உண்டு. கார் ஓட்டாதவர்களுக்கு அது வசதி.

பெரிய ஓட்டல்களை இங்கே தேடாதீர்கள். ‘ழீத்’ என்று சொல்லப்படும் வாடகை வீடுகள்தான் வழக்கம்: ஒன்றிரண்டு அறை, சமையலறை, முன்னால் அகலமான திண்ணை, அதில் ஒரு ஊஞ்சல் வலை. கொசுவலை இருக்கிறதா, சமையலறைக்கு எரிவாயு அடுப்பு உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்காரருக்கு ஆங்கிலம் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சும் உள்ளூர் மொழியான கிரியோலும்தான் இங்கே. காலையில் யாரைப் பார்த்தாலும் ‘போன்ழூர்’ சொல்லிவிட்டுத்தான் மற்ற பேச்சு. கடைக்குள் நுழைந்தவுடன் “இது இருக்கா?” என்று ஆரம்பித்தால் முகம் கொடுக்க மாட்டார்கள்.

6. கார்

வேண்டும். பேருந்தை நம்பி முடியாது. முன்பே பதிவு செய்தால் படகுத்துறைக்கே கொண்டுவந்து சாவியைத் தருவார்கள். கியர் வண்டிதான் அதிகம். ஓட்டுவது வலப்பக்கம். பெட்ரோல் நிலையங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், சனிக்கிழமையே நிரப்பிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் தீவில் எதுவும் திறந்திருக்காது.

7. கடற்கரைகள்

மேற்குக் கரையில் ஆன்ஸ் கனோதான் என் தேர்வு. இரண்டு பக்கமும் பாறை, நடுவே பிறைபோல் மணல். தண்ணீரில் பத்தடி போனாலும் கால் விரல் தெரியும். காலை ஏழு மணிக்குப் போங்கள். ஆறரைக்குச் சூரியன் வந்துவிடும், ஊரும் விழித்துவிடும். நீங்கள் மட்டும் ஒன்பது மணிவரை தூங்கினால், படகில் வந்த ஒருநாள் கூட்டத்தோடு சேர்ந்துதான் போக வேண்டியிருக்கும். பதினொன்றிலிருந்து மூன்று வரை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நீங்கள் திண்ணையில் படுங்கள். நாலு மணிக்கு மறுபடி கடல். குளிர்காலத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறையும், அடுத்த இருபது நிமிடத்தில் கும்மிருட்டு. கையில் டார்ச் இருக்கட்டும்.

பக்கத்திலேயே வியூ-ஃபோர். அங்கே ஒரு சிற்றாறு அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகிறது. துடுப்புப்படகு வாடகைக்குக் கிடைக்கும். எஞ்சின் சத்தமில்லாமல் உள்ளே போனால் நண்டுகள் வேரில் ஏறுவதுகூடக் கேட்கும். மாலையில் போகாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத பொடிக்கொசு பிய்த்தெடுத்துவிடும்.

மணலோரத்தில் ஒரு மரத்தை மட்டும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். பெயர் மான்செனிலியே. பளபளக்கும் பச்சை இலை, கீழே சின்ன ஆப்பிள்போல் பச்சைப் பழம், நல்ல நிழல். எல்லாம் விஷம். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், பழத்தைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழைக்கு ஒதுங்கினால் இலையில் வழியும் தண்ணீரே போதும். பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், பலகையும் வைத்திருப்பார்கள். அடையாளம் இல்லாததும் உண்டு. குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

காபெஸ்தேர் கடற்கரைகளுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். பாறைக்கு உள்ளே மட்டும் குளியல்.

8. சாப்பாடு

பகல் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டரைக்குப் போனால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். இரவில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும். போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அதனால்தான் சமையலறை உள்ள வீடு.

தீவின் தனிச் சமையல் பெபெலே: மாட்டுக் குடல், வாழைக்காய், சீமைப்பலா, மாவு உருண்டை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. குடல் பிடித்தவர்கள் விடாதீர்கள். மற்றவர்களுக்கு வறுத்த மீன், ஆக்டோபஸ் குழம்பு, சங்கு இறைச்சி. எண்ணெயில் பொரித்து, பூரிபோல் உப்பிய ரொட்டியைப் பிளந்து உள்ளே மீனோ முட்டையோ வைத்துத் தருவது பொக்கி. ஒன்று போதும், பகல் கழிந்துவிடும்.

கோலோம்போ என்று பட்டியலில் பார்த்தால் அது நம் கூலிக்கப்பல் கொண்டுவந்த குழம்பு. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் அரைத்த பொடி, அதில் ஆடோ கோழியோ. அந்தப் பொடியில் மிளகாய் பொதுவாகக் கிடையாது. காரம் தனியாக ஒரு கிண்ணத்தில் வரும். அந்தக் கிண்ணத்து மிளகாயை “நமக்குத் தெரியாத காரமா” என்று கரண்டியால் அள்ளுகிறவர்களுக்கு என் அனுதாபம்.

சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். காய்கறி என்று சொன்னதிலும் உப்புக் கருவாடோ பன்றித் துண்டோ கிடக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் கிரான்-பூர் சந்தையில் சௌசௌ, பரங்கி, சீமைப்பலா, மரவள்ளி, வாழைக்காய், தேங்காய், பச்சைத் துவரை எல்லாம் குவிந்துகிடக்கும். ஒரு சின்ன டப்பாவில் சாம்பார் பொடியும் கொஞ்சம் கடுகும் கொண்டுபோனவர் ராஜா. கப்பலில் பிரான்ஸிலிருந்து வரும் சீஸ், தயிர், பிஸ்கட்டுக்குத்தான் விலை கூடுதல். இங்கே இறக்குமதிக்கென்று தனிக் கடல்வரி உண்டு. சந்தைப் பொருளில் வாழ்ந்தால் பை கடிக்காது.

9. கடலை விட்டு ஒரு நாள்

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் மூரா பண்ணை. கிரான்-பூரிலிருந்து சற்றே வெளியே, மேட்டில். பெரிய மாளிகையின் சுவர்கள், ஒரு காற்றாலை, கீழே கடல்வரை சரியும் பச்சைப் புல்வெளி. அழகாகத்தான் இருக்கிறது. 1839இல் இங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் உழைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு அந்தப் புல்வெளியைப் பாருங்கள். தோட்டத்தில் நாட்டு மருந்துச் செடிகள் வளர்க்கிறார்கள், நிதானமாகச் சுற்றலாம். ஒரு காலத்தில் கரும்பு பிழிய நூறுக்கு மேல் காற்றாலைகள் தீவெங்கும் சுழன்றன. இப்போது சாலையோரத்தில் கொடி படர்ந்த கல் கோபுரமாக நிற்கின்றன.

அடிமை விடுதலைக்கு அடுத்த ஆண்டு, 1849 ஜூனில், தேர்தலில் மோசடி என்று கொதித்த புதிய வாக்காளர்கள், ஒரு தோட்டத்தின் சர்க்கரையையும் ரம்மையும் குளத்தில் கொட்டிவிட்டார்கள். ரம்மும் சர்க்கரையும் கலந்த பானத்துக்குப் பஞ்ச் என்று பெயர், அதனால் பஞ்ச் குளம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ரம் ஆலைகள் மூன்று: பியேல், பெல்வு, புவாஸோன். கடைசியதன் ரம் பேர் லாபா என்ற பெயரில் விற்கிறது. வெள்ளை ரம் 59 சதவீதம். கரும்பு வெட்டு பிப்ரவரி, மார்ச்சில்தான் தொடங்கும். ஜனவரியில் எந்திரம் ஓடாது, ருசி பார்க்கலாம். காலையில் போங்கள். காரோட்டுகிறவர் நாக்கை நனைப்பதோடு நிறுத்துங்கள், போலீஸ் ஊதச் சொல்வதுண்டு.

வடக்கு முனையில் கெல் கிரான் கூஃப்ர்: சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி விழுந்த பெரிய பள்ளம், அடியில் ஒரு வளைவு வழியாகக் கடல் உள்ளே வந்து முட்டுகிறது. ஓரம் உதிரும், குழந்தையின் கையை விடாதீர்கள்.

இவ்வளவும் அரை நாளில் முடியும். மீதி நாளெல்லாம் பட்டியல் போடாமல் இருங்கள். தீவில் வேறு என்ன பார்ப்பது என்று மூன்றாம் நாள் கை பரபரக்கும், நாலாம் நாள் அடங்கிவிடும்.

10. எடுத்துப்போக

கொசு மருந்து கட்டாயம், டெங்கு உண்டு. பவளத்தைக் கெடுக்காத வெயில் பூச்சு, கடல்முள் குத்தாமல் இருக்கத் தண்ணீரில் போடும் செருப்பு, பிரெஞ்சு வகைப் பிளக், மெல்லிய பருத்திச் சட்டை. பிரெஞ்சு சிம் பொதுவாக அப்படியே வேலை செய்யும். கையில் கொஞ்சம் ரொக்க யூரோ. அவசரத்துக்கு 112. இரவில் வீட்டைச் சுற்றிச் சின்ன மரத்தவளைகள் விசில்போலக் கத்தும், முதல் இரவு ஏதோ மின்சாரக் கோளாறு என்று எழுந்து தேடுவீர்கள். தூக்கம் லேசானவர்கள் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

11. திரும்பும் நாள்

பாரிஸ் விமானங்கள் மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் போய்ச் சேரும். மதியப் படகில் வந்தால் போதும்போலத் தோன்றும். கடல் சரியில்லை என்று அந்த நடை ரத்தானால் விமானம் போச்சு. காலைப் படகையே பிடியுங்கள். பெட்டியைப் பூட்டிவைக்க இடம் கிடைத்தால், நடுவே உள்ள நேரத்தில் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தோரம் உள்ள அடிமை வரலாற்று அருங்காட்சியகமான ‘மெமோரியல் ஆக்ட்’டைப் பார்த்துவிடலாம். 2015இல் திறந்தது.

ரம்மைப் பெட்டிக்குள் துணி சுற்றி வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். குவாதலூப் பிரான்ஸ் என்றாலும் சுங்கக் கணக்கில் தனி. பிரான்ஸுக்குள் ஆளுக்கு ஒரு லிட்டர்தான் வரியில்லாமல் கொண்டுபோகலாம். மாம்பழம், செடி, நாற்று என்று ஆசைப்பட்டு வாங்காதீர்கள், விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கோலோம்போ பொடிக்குத் தடையில்லை.